கடலுக்குள் பூத்த கல்

சங்கரன்கோயிலுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ள எங்கள் ஊர், தூத்துக்குடித் துறையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மேற்கே, மானம் பார்த்த நிலங்களின் நடுவே அமைந்தது. அலையோசை இங்கே கேட்பதில்லை. உப்புக்காற்று வீசுவதும் இல்லை. ஆயினும் கடல் நெடுங்காலமாக எங்கள் ஊருக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது. கோயிலில் முழங்கும் சங்கு கடலின் பொருள். பெண்டிர் கழுத்தில் அணியும் முத்தும் பவளமும் கடலின் பொருள்கள். தென்பாண்டி நாட்டுச் சுவர்களை வெளுப்பாக்கிய சுண்ணாம்பிலும் கடலுக்கு ஒரு பங்கு உண்டு. இப்பொழுதோ, வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்கும் இளைஞர்கள் பெருகிவருகின்றனர். தங்கமீனில் தொடங்கிய அவர்களது ஆவல், கடல்மீனையும் பவளத்தையும் நோக்கித் தாவுகின்றது. கடலைக் கண்ணால் காணாதவனும் கடலினின்று ஒன்றைப் பெற்றுக்கொள்கிறான் என்றால், அக்கடலின் வரலாற்றை அறிந்துகொள்வது அவன் கடமை அன்றோ? நான் வரலாறு பயின்றவன். கடலியல் பயின்றவன் அல்லேன். ஆகவே மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகளை ஒரு வரலாற்று மாணவனின் கண்கொண்டே நோக்க விரும்புகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையில், கரையை ஒட்டினாற்போல, ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவுத் தொடர் உண்டு. அதில் 21 தீவுகள் எண்ணப்பட்டுள்ளன. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே அவை கிடக்கின்றன. மக்கள் குடியிருப்பு அவற்றில் இல்லை. தூத்துக்குடிப் பகுதியில் வான்தீவு, காசுவாரி, விலாங்குச்சல்லி, காரியச்சல்லி என நான்கு. வேம்பாற்றுப் பகுதியில் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி என மூன்று. கீழக்கரைப் பகுதியில் ஆனைப்பார், அப்பா, முல்லி, வாழை முதலிய ஏழு. மண்டபம் பகுதியில் முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், குருசடை முதலிய ஏழு. இப்பெயர்களைச் சூட்டியவர்கள் ஏட்டறிஞர்கள் அல்லர், படகோட்டிகள். எந்தத் தீவில் குடிநீர் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பதைக்கூட உப்புத்தண்ணி, நல்லதண்ணி என்று பெயரிலேயே பொறித்து வைத்தனர் போலும். சல்லி என்பது உடைந்த சிறு கல்லைக் குறிக்கும் சொல். உடைந்த பவளத் துண்டுகளும் மணலும் குவிந்து எழுந்த தீவுகளுக்கு இதைவிடப் பொருந்திய பெயர் வேறு என்ன இருக்க முடியும்?

இத்தீவுகளைச் சூழ்ந்து நிற்பவை பவளப்பாறைகள். பாறை என்ற சொல்லைக் கேட்டு அவற்றை உயிரற்ற கல் என்று எண்ணிவிடலாகாது. ஊசிமுனை அளவிலிருந்து விரல்நுனி அளவு வரையுள்ள மெல்லுடல் உயிர்கள், கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒன்று மடிய, அதன் வீட்டின்மேல் மற்றொன்று வீடு கட்டும். இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் கட்டிய நகரமே பவளப்பாறை. ஈழத் தமிழர் இதனை முருகைக்கல் என்பர். உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே பெருக்கும். ஆள் உயரப் பவளப் பாறை ஒன்று நம் பாட்டனார்க்குப் பாட்டனார் காலத்துக்கு முன்பே வளரத் தொடங்கியிருக்கும்.

இவ்வுயிரின் பெருவியப்பு ஒன்று உண்டு. பவளம் விலங்கினத்தைச் சார்ந்தது. ஆனால் அதன் சதைக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசி வாழ்கின்றது. பாசி கதிரவனின் ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது. பவளம் பாசிக்கு உறைவிடமும் உரமும் தருகிறது. ஒன்றை விட்டு ஒன்று வாழாது. எங்கள் ஊர்த் திருக்கோயிலில் ஒரே மேனியில் வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் நிற்கும் சங்கரநாராயணர் திருவுருவை வணங்கி வளர்ந்த எனக்கு, ஒருடலில் இருவகை உயிர் ஒன்றியிருக்கும் இச்செய்தி வியப்பைவிட நெருக்கத்தையே தந்தது. பவளம் ஆழ்கடலின் இருளில் வளராமல், ஒளி ஊடுருவும் தெளிந்த ஆழமற்ற நீரில் வளர்வதன் காரணமும் இதுவே. கடல் சேறாகக் கலங்கினாலும், அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாலும் இந்த உறவு முறிந்துவிடும்.

பவளப்பாறையின் குடிமக்கள் பலர். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கல்பவளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றின் இடுக்குகளில் வாழும் மீனும் நண்டும் சங்கும் கடல் அட்டையும் கடற்குதிரையும் எண்ணற்றவை. கிளிமீன் தன் அலகுபோன்ற பல்லால் பவளத்தைக் கொறித்து, செரித்த சுண்ணத்தை வெண்மணலாக உதிர்க்கிறது. தீவின் மணலில் ஒரு பகுதி அதன் வயிற்றினூடே வந்ததாகும். துப்புரவு மீன் என்னும் சிறுமீன், பெரிய மீன்களின் செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. பெரிய மீனோ அதனை விழுங்காமல் வாயைத் திறந்து காத்து நிற்கிறது. ஆண் கடற்குதிரை தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சுகளை ஈன்றெடுக்கிறது. கோமாளி மீன் கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே அச்சமின்றிக் குடியிருக்கிறது. அக்குடும்பத்தில் பெரிய மீன் பெண். அது மறைந்துவிட்டால், அதற்கு அடுத்த ஆண்மீனே பெண்ணாக மாறித் தலைமையேற்கும். ஆகவே ஒரு கடற்சாமந்தியிலிருந்து ஒரு மீனைப் பிடிப்பவன், ஒரு மீனை மட்டும் பிடிப்பதில்லை. ஒரு குடும்பத்தின் ஒழுங்கையே கலைத்துவிடுகிறான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பாண்டியர் துறையாகிய கொற்கையின் முத்து உலகப் புகழ் வாய்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடற்பயண நூல், கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததையும், அது பாண்டியன் ஆட்சிக்கு உட்பட்டதையும், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அத்தொழில் நடத்தப்பட்டதையும் குறிப்பிடுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோர்க்கும் சேர்ந்ததாகக் கூறுகிறார். கடலில் இறங்குபவனின் உயிர் எத்துணை நிலையற்றது என்பதற்கு அந்த இருபதில் ஒரு பங்கே சான்று.

பவளத்தின் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சென்றது. நவமணிகளுள் ஒன்றாக நாம் போற்றும் செம்பவளம் மன்னார்க் கடலில் விளைவதன்று. அது மத்தியதரைக் கடலில் விளையும் வேறொரு வகை. யவனர் மரக்கலங்கள் இங்கிருந்து முத்தையும் மிளகையும் ஏற்றிச் சென்றன. வரும்பொழுது பவளத்தைக் கொண்டுவந்தன. நம் நாட்டு முத்தை உரோமப் பெண்டிர் எவ்வளவு மதித்தனரோ, அவ்வளவு இந்தியர் பவளத்தை மதித்தனர் என்று உரோமப் பேரறிஞர் பிளினி வியந்து எழுதியிருக்கிறார். தொலைவிலிருந்து வந்த பவளத்தைப் பொன்னில் பதித்துக் கழுத்தில் அணிந்தோம். நம் வாசலிலே வளர்ந்த கல்பவளத்தையோ, சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக எரித்தோம். வரலாற்றின் இந்த முரணை நான் எண்ணாத நாள் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நேயர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததன்று. கடலடியில் சிப்பி விளையும் மேடுகளைப் பார் என்பது நம் மீனவர் வழக்கு. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொல்லாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. அப்பார்களை முன்கூட்டியே ஆய்ந்து, சிப்பிகளை எடுத்து எண்ணி, அவை முதிர்ந்துள்ளனவா என்று பார்த்த பின்னரே முத்துச் சலாபம் அறிவிக்கப்படும். சில வேளைகளில் பல பத்தாண்டுகள் சலாபமே இல்லாமல் கழியும். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து நடந்த சலாபமே கடைசி. அதன் பின் நடைபெறவில்லை. சங்குக் குளிப்பிலும் ஒரு நெறி இருந்தது. குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய சங்குகளை மீண்டும் கடலிலேயே விட்டுவிடவேண்டும் என்பது விதி. வங்காளத்துப் பெண்டிர் கைவளைக்காகச் சென்ற சங்குகள் அனைத்தும் இந்த அளவைக் கடந்தே சென்றன. விலையுயர்ந்த முத்துக்கும் சங்குக்கும் கணக்கு இருந்தது. விலை மலிந்த பவளக் கல்லுக்கு மட்டும் கணக்கே இல்லை. கணக்கில்லாத பொருளே முதலில் அழியும் என்பதற்கு இக்கடல் ஓர் எடுத்துக்காட்டு.

இக்கடலின் உயிர்களை அறிவுலகத்துக்கு அறிமுகம் செய்தவர்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சார்ந்தவர்கள். 1885 முதல் அதன் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் பன்முறை வந்து, கடலுயிர்களைத் தொகுத்து நூல்கள் வெளியிட்டார். இறந்த உயிரைச் சாராயக் குப்பியில் இட்டுக் காட்டுவதோடு அவர் நிறைவுறவில்லை. உயிருள்ள மீனை உள்நாட்டு மக்களும் காணவேண்டும் என்று விழைந்தார். அதன் பயனாகச் சென்னைக் கடற்கரையில் கடல்நீர் மீன் காட்சியகம் ஒன்று எழுந்து, 1909-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்திய நாட்டில் அவ்வகையில் அதுவே முதன்மையானது. கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் கடல்மீனைக் கண்டு களிக்க மக்கள் திரண்டனர். இரண்டாம் உலகப் போர் மூண்டு, சென்னைமீது குண்டு விழும் என்ற அச்சம் பரவிய காலத்தில் அது மூடப்பட்டது. கடற்கரையில் ஒரு தலைமுறைக்கு மேல் மக்களுக்குக் கடலைக் கற்பித்த அந்த எளிய பள்ளி, இன்று பெரும்பாலோர் நினைவிலும் இல்லை.

தர்ஸ்டனுக்குப் பின் ஜேம்ஸ் ஹார்னெல் வந்தார். சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக இருந்த அவர், 1914-இல் சங்கைப் பற்றியே ஒரு தனிநூல் எழுதினார். அருங்காட்சியகத்தின் மற்றொரு தலைவரான கிரேவ்லி, பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பை 1927-இல் வெளியிட்டார். அத்தீவு அன்று முதல் உயிரியல் மாணவர்களின் திருத்தலம் ஆயிற்று. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்டது என்று பாடநூல்கள் கூறும் மண்புழு போன்ற ஓர் உயிரை, மணலில் அதன் வளையோடு காண்பதற்காகவே கல்லூரி மாணவர்கள் இரயிலேறி வந்தனர். 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்தில் அதன் ஆய்வு மையம் தொடர்கின்றது. இங்கே பணியாற்றிய கோபிநாத பிள்ளை, இந்தியப் பவளங்களின் வகைகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து பெயரிட்டு வரிசைப்படுத்தினார்.

1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மண்டபத்தில் ஒரு மாநாடு கூடிற்று. பவளப்பாறைகளைப் பற்றி உலக அளவில் நடந்த முதல் ஆய்வு மாநாடு அதுவே. இரண்டாம் மாநாடு 1973-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் தொடரின் நடுவே, ஒரு கப்பலிலேயே நடந்தது. அன்று முதல் இன்றுவரை பல நாடுகளில் தொடர்ந்து கூடும் அந்த மாநாட்டு வரிசைக்குப் பிறப்பிடம் நம் இராமநாதபுரத்துக் கடற்கரை. இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆனால் அந்த மாநாட்டின் ஏடுகளைப் புரட்டும்பொழுது மகிழ்ச்சி நீடிப்பதில்லை. மகாதேவன், நாகப்பன் நாயர் என்னும் இரு அறிஞர்கள், கடலடியில் தாமே மூழ்கிக் கண்டவற்றை எழுதியுள்ளனர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் கனமீட்டர் பவளக்கல் இவ்வளைகுடாவிலிருந்து எடுக்கப்படுவதாக அவர்கள் மதிப்பிட்டனர். கடப்பாறையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, கரையில் குவித்து, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினர். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் உயிரை, நாள்தோறும் படகு படகாக அள்ளினோம். ஒரு பக்கம் உலக அறிஞர்கள் கூடி இக்கல்லின் அருமையை ஆராய்ந்தனர். மறுபக்கம் அதே கல் சூளைக்குச் சென்றது.

பவளம் பெயர்த்த உழைப்பாளியை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. கடலில் இறங்கியவன் நாட்கூலி பெற்றான், அவ்வளவே. அக்கல்லை வாங்கியவர்கள் நாம். வீடு கட்டியவர்களும் நாம். கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றோமோ, அவ்வளவு எளிதாக நம் பங்கை மறந்துவிடுகின்றோம்.

விளைவு என்னவாயிற்று? பவளப்பாறை தீவுக்கு அரண். அலையின் வேகத்தைத் தடுத்து, மணலைக் கரையாது காப்பது அது. அரண் இடிந்தபின் கோட்டை நிற்குமோ? தூத்துக்குடிப் பகுதியில் விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பகுதியில் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. வான்தீவும் காரியச்சல்லியும் தம் நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டன. தூத்துக்குடிக் கடற்கரையில் முதிய மீனவர் ஒருவரிடம், விலாங்குச்சல்லி எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு முறை கேட்டேன். அவர் சிறிது நேரம் கடலையே பார்த்துவிட்டு, "அது தண்ணிக்குள்ள போயிட்டு, ஐயா. எங்க அப்பா அங்க வலை காயப்போட்டிருக்காவ. இப்ப அதும்மேல வள்ளம் போவுது" என்றார். ஒரு தீவின் மறைவைப் பற்றி நான் படித்த எந்த அறிக்கையும் இந்த மூன்று வாக்கியங்கள் கூறியதைவிட அதிகமாகக் கூறவில்லை.

காப்பதற்கான முயற்சி காலம் தாழ்ந்தேனும் தொடங்கிற்று. 1986-இல் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் சேர்த்து 560 சதுரக் கிலோமீட்டர் பரப்புத் தேசிய கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001-இல் கல்பவளம், கடல் அட்டை, கடற்குதிரை முதலியன வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. புலியை வேட்டையாடுதல் எவ்வாறு குற்றமோ, அவ்வாறே பவளத்தைப் பெயர்த்தலும் குற்றம். 2005-ஆம் ஆண்டளவில் பவளக்கல் வெட்டும் தொழில் நின்றது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். நாற்று நடுவதுபோலப் பவளம் நடுகின்றனர் என்று சொன்னால் எங்கள் ஊர் உழவர்க்கு உடனே விளங்கும். வான்தீவைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகளை இறக்கி, அலையின் வேகத்தைத் தணிக்கும் பணியும் நடந்துள்ளது.

இத்துணை முயற்சிக்கும் இடையே புதிய பகை ஒன்று எழுந்துள்ளது. கடல்நீர் இயல்பைவிட ஓரிரு பாகை கூடுதலாகச் சூடேறி, சில வாரங்கள் அவ்வாறே நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகின்றது. வண்ணம் பெரும்பாலும் பாசியின் கொடையாதலால், பவளம் எலும்புபோல வெளுத்து நிற்கும். விரைவில் சூடு தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிடில் பவளம் பசியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இத்துயரம் பெருமளவில் நிகழ்ந்தது. கடப்பாறை ஓய்ந்த இடத்தில் வெப்பம் தாக்குகின்றது.

இனி, கண்ணாடித் தொட்டி வளர்க்கும் அன்பர்களுக்கு வருவோம். அவர்களது ஆர்வத்தை நான் குறைகூற வரவில்லை. பார்த்து மகிழும் கண்ணே பின்னர்ப் பாதுகாக்கும் கையாக மாறுவதுண்டு. ஆயினும் இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எச்சரிக்கை நிறைந்தது.

இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையறிஞர், 1854-இல் வெளியிட்ட நூலின் வழியாகக் கடலுயிர்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் முறையைப் பரப்பினார். நாடெங்கும் அது பித்தாக மூண்டது. கூடையும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குச் சென்றவர்கள், பாறைக் குட்டங்களில் இருந்த கடற்சாமந்திகளைப் பெயர்த்துச் சென்றனர். தந்தை எழுதிய நூலே அழகிய கரைகளை வெறுமையாக்கக் காரணமாயிற்று என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் தம் நூலில் வருந்தி எழுதினார். தாம் உயிரினும் நேசித்த கடற்கரையைத் தம் எழுத்தே வறிதாக்கியதைத் தந்தையும் அறிந்து துயருற்றார் என்று அம்மகன் கூறுகிறார். அன்பு அளவு கடந்தால் அழிவாகும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று அரிது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலை வெப்பமண்டலத்துக்கு வந்தது. ஜகார்த்தாவைச் சார்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் படிந்த பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு, பவளத்தையும் மீனையும் தொட்டியில் வாழவைக்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். பாறையில் வாழும் நுண்ணுயிர்களே தண்ணீரைத் தூய்மையாக்கும் என்ற உண்மையை அவர் கைக்கொண்டார். இன்று உலகெங்கும் உள்ள பவளத் தொட்டிகளுக்கு அது ஒரு முன்னோடி. அதே காலத்தில் பிலிப்பைன்ஸ் கடலில் சயனைடு நஞ்சைப் பீய்ச்சி, மயங்கிய மீனைப் பிடிக்கும் கொடிய வழக்கமும் தொடங்கிற்று. மயங்கிய மீன் விலைக்குப் போயிற்று. அம்மீன் ஒளிந்திருந்த பவளம் அங்கேயே மடிந்தது.

நன்னீரில் வாழும் வண்ணமீன்களுள் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. கடல்மீன்களின் நிலை அதற்கு மாறானது. அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் பாறையிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. காரணம் என்ன? கடல்மீனின் குஞ்சு மிகச் சிறியது. அதன் வாய்க்கு ஏற்ற உயிருள்ள நுண்ணுணவை நாள்தோறும் வளர்த்துக் கொடுக்கவேண்டும். ஆயினும் அது இயலாததன்று. மண்டபத்து ஆய்வு மையத்தாரும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்தாரும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கைவரப்பெற்றனர். இலட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் அத்தொழிலில் பயிற்சி பெற்றுள்ளனர். தாய்மீன் ஒரு சிறு ஓட்டின் புறத்தில் இடும் முட்டைகளைத் தந்தைமீன் செட்டையால் விசிறிக் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரவு வேளையில் குஞ்சு பொரியும். பிறந்த குஞ்சுக்கு முதலில் நுண்ணுயிர்களையும், பின்னர் உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சுகளையும் ஊட்டி வளர்ப்பர். இவ்வாறு வளர்ந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. நீண்ட நாள் வாழும். எந்தப் பாறையையும் வறிதாக்காதது.

ஆகவே கடல்மீன் வாங்கப் போகும் இளைஞர் கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் ஒரு வினாவைக் கேட்கட்டும்: இந்த மீன் எங்கே பிறந்தது? பண்ணையில் பிறந்தது என்று சான்றோடு சொல்ல முடியாத மீனை வாங்காமல் திரும்பலாம். கல்பவளத்தையும் கடற்குதிரையையும் எவர் விற்பினும் வாங்குதல் சட்டத்துக்கு மாறானது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். காய்ந்த பவளத் துண்டை அழகுப் பொருளாக வைப்பதும் அவ்வாறே. தொட்டியின் அடியில் பரப்புவதற்கு மண்ணாலும் சிமெண்டாலும் செய்த செயற்கைப் பாறை போதும். சில திங்களில் அதன்மேலும் உயிர் படிந்துவிடும்.

கண்ணாடித் தொட்டியில் அடங்காத காட்சியைக் காண விழைவோர் தீவுப் பகுதிக்கே செல்லலாம். வனத்துறையின் இசைவின்றித் தீவில் கால் வைத்தல் கூடாது. ஆனால் அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றிச் சென்று காட்டும் ஏற்பாடு உண்டு. அத்தகைய படகில் நான் சென்றிருக்கிறேன். கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் காலைப்பொழுதே அதற்கு ஏற்றது. படகு மெல்ல நகர, கண்ணாடிக்குக் கீழே மான்கொம்புபோலக் கிளைத்த பவளமும், மூளைபோல மடிந்த பவளமும், அவற்றினூடே பட்டாம்பூச்சிபோல் மிதந்து செல்லும் மஞ்சள் மீன்களும் புலப்பட்டன. சிறிது தொலைவு சென்றதும் காட்சி மாறிற்று. உடைந்த சல்லிகள் சாம்பல் நிறத்தில் பரந்து கிடந்தன. அங்கே மீனும் அருகியிருந்தது. ஒரே கண்ணாடி வழியாக ஒரு நாட்டின் வளமையையும் வறுமையையும் கண்டவன்போல நான் அமர்ந்திருந்தேன். உடன் வந்த சிறுவன் ஒருவன், "இங்க ஏன் ஒண்ணுமில்ல?" என்று தன் தாயை வினவினான். அவ்வம்மையாரிடம் விடை இல்லை. அந்த விடையைத்தான் இவ்வளவு நேரம் தங்களுக்குக் கூற முயன்றேன்.

இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் இக்கடலிடம் நாம் பெற்றவை பல: முத்து, சங்கு, சுண்ணாம்பு, மீன், அறிவு. இவற்றுள் எடுத்தும் குறையாதது அறிவு ஒன்றே. தர்ஸ்டனும் கிரேவ்லியும் கோபிநாத பிள்ளையும் எடுத்துச் சென்ற அறிவால் ஒரு பாறையும் தேய்ந்துவிடவில்லை. அந்த அறிவைக் கொண்டே இன்று பவளத்தை மீண்டும் நடுகின்றோம். கடலை விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் அந்த ஒன்றை எடுத்துக்கொள்வாராக. 21 தீவுகள் என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். கடலுக்கு மேல் எஞ்சியிருப்பவை 19. அந்த எண் இனியும் குறையாமல் காப்பது கடற்கரை மக்களின் பொறுப்பு மட்டும் அன்று. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.